கடைக்குள் சமதளம்

ராத்திரியே அடிப்பாகத்தைக் கழுவிவிட்டேன்.
பழைய பிரஷ், கொஞ்சம் சோப்புத்தூள்.
பள்ளங்களில் அப்பியிருந்த செம்மண்
ஒரு கிண்ணம் தண்ணீரைத் தேநீராக்கியது.
அடுப்போரம் கவிழ்த்து வைத்தேன்.
நான்காம் நாளாக மழை.
குன்னூரில் இந்த மாதம் எதுவும் காயாது,
காய்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

மூன்று நாள் போட்ட ஷூ.
போடாத ஷூவாக இருக்க
அதைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.
டப்பாவில் அதே மெல்லிய தாள்,
நுனிக்குள் அதே காகித உருண்டை.
பில் மட்டும்
கேஸ் புத்தகத்துக்குள்ளிருந்து கசங்கி வந்தது:
அறுநூற்று நாற்பது.

சுடரொளிக்கு இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன.

வாங்கிய அன்று கேட்டேனே.
கடிக்குதா? இல்லம்மா.
இடிக்குதா? இல்லம்மா.
குதித்துக் காட்டினாள்,
கண்ணாடி முன் ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினாள்.
ஒட்டுகிற பட்டையில் ஒரு வெள்ளி நட்சத்திரம்.
நானும் கட்டைவிரலால் நுனியை அழுத்தினேன்.
இடம் இருந்தது. சத்தியமாக இருந்தது.

ஓட்டுப்பட்டறையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்வரை
மூன்று விதமாகப் பேசிப் பார்த்தேன்:
கோபமாக,
கெஞ்சலாக,
நுகர்வோர் கோர்ட்டு தெரிந்தவள் மாதிரி.
கடையில் நுழைந்ததும்
சுவரில் இருந்த பலகை மூன்றையும் படித்துவிட்டது.
விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

ஹபீபுல்லா பாய் ஷூவைத் திருப்பினார்.
பள்ளத்தில் நகத்தை ஓட்டினார்.
மோந்து பார்த்தார்.
"சோப்பு நல்ல வாசம்" என்றார்.

"அம்மாதான் கழுவுச்சு" என்றாள் இவள்.
"நான் தூங்குற மாதிரி படுத்திருந்தேன்."

பக்கத்தில் ஸ்வெட்டரோடு நின்ற ஒருத்தி
செருப்பு பார்ப்பதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து
தாமே மாட்டிவிட்டார், அழுத்தினார், நடக்கச் சொன்னார்.
வெள்ளை டைல்ஸில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்
அரசியைப் போல நடந்தாள் என் மகள்.
"கரெக்டாத்தானேம்மா இருக்கு."

கரெக்டாகத்தான் இருந்தது.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
நான் தயாரித்த பேச்சில் இது இல்லை.
"பாய், ஒரு நிமிஷம் வெளியே வாங்க."

கடை வாசலிலிருந்து ரோடு
மார்க்கெட் பக்கமாகச் சரிந்து விழுகிறது.
நட என்றேன்.
நடந்தாள்.
பத்தாவது அடியில் பாதம் முன்னால் வழுக்கி
விரல்கள் போய் முட்டுவது
இங்கிருந்தே தெரிந்தது.
பதினைந்தில் உடம்பைத் திருப்பி
நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினாள்.
ஒரு ஜீப் அவளுக்காக நின்று
ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது.

"உங்க கடை சமதளம் பாய்.
எங்க வீட்டுலேர்ந்து ஸ்கூலுக்கு நூத்திப் பன்னெண்டு படி.
எல்லாமே கீழே."

தார்ப்பாய் ஒழுகி அவர் தோளில் சொட்டியது.
"ஆம்பூர்ல தைக்கிறவனுக்கு
நம்ம ரோடு தெரியாதுல்ல" என்றார்,
தமக்கே சொல்லிக்கொள்வது போல.
முப்பது வருஷமாக இந்த ரோட்டில் கடை.

காசு தரவில்லை. கயிறு வைத்த ஷூ தந்தார்.
கணுக்காலோடு இழுத்துக் கட்டினால் முன்னால் போகாதாம்.
தொண்ணூறு ரூபாய் கூடுதல், வெள்ளிக்கிழமை கொடு என்றார்.
பழையதை ராக்கில் வைக்காமல்
மேசைக்கடியில், தம் குடைக்குப் பக்கத்தில் வைத்தார்.
"கீழே மேட்டுப்பாளையத்துல
ஏதாவது ஒரு புள்ளைக்கு இது பூ மாதிரி இருக்கும்."

நட்சத்திரம் இல்லாததால்
பஸ் ஸ்டாண்டு வரை அவள் என்னோடு பேசவில்லை.

பஸ் இல்லை. நடந்தோம்.
பாதி ஏற்றத்தில் கேட்டேன்,
ஏன்டி அன்னைக்கே சொல்லலை.

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:
"சொன்னா அடுத்த மாசம் பாக்கலாம்னுவே."

மழை வலுத்தது.
கயிறு ஒன்று அவிழ்ந்து சேற்றில் இழுபட்டது.
அவளுக்கு இன்னும் முடிச்சுப் போடத் தெரியாது.
குடையை அவளிடம் கொடுத்துவிட்டு
நடுப்படியில் குந்தினேன்.
குடையை அவள்
தன் தலைக்கு மேல் பிடிப்பதா
என் தலைக்கு மேலா என்று தெரியாமல்
இரண்டுக்கும் நடுவில் பிடித்திருந்தாள்.
இருவரும் நனைந்தோம்.
இரட்டை முடிச்சு போட்டேன்.